செஷல்ஸ் தீவுகளில் மட்டும் வாழ்பவை: கேள்வி-பதில்

கேள்வி: மாலத்தீவுக் கரையில் ஒதுங்கிய கடல் தேங்காய் (செஷல்ஸ் பனை ஒன்றின் இரட்டை மடல் காய்) அங்கேயே ஏன் முளைக்கவில்லை?

மிதந்து வருவது செத்த காய். உயிருள்ள காய் 15, 20 கிலோ கனக்கும். கடலில் விழுந்தால் மூழ்கிவிடும். பருப்பு அழுகி ஓடு வெறுமையான பிறகே மேலே வரும். 1768-ல் பிராலின் தீவில் மரத்தைக் காணும்வரை, கடலுக்கடியில் காய்ப்பது என்றே பலர் நம்பினார்கள். இயல்பாக வளர்வது பிராலின், குரியூஸ் தீவுகளில் மட்டுமே.

கேள்வி: ஒரு காய் வாங்கி வந்து வீட்டில் நடலாமா?

ஆசையை விடுங்கள். பயணிகள் வாங்குவது பெரும்பாலும் பருப்பெடுத்த ஓடு. அதற்கும் எண்ணிட்ட அரசு முத்திரையும் ஏற்றுமதி அனுமதிச் சீட்டும் வேண்டும். இல்லாவிட்டால் விமான நிலையத்தில் பறிமுதல்தான்.

முளைப்பு நம் பனங்கொட்டை போலத்தான். இரண்டும் நெருங்கிய உறவு. காயைப் புதைப்பதில்லை, நிழலில் ஈரமண்மேல் கிடத்த வேண்டும். இரு மடல்களுக்கு நடுவிலிருந்து கயிறு போன்ற தண்டு கிளம்பி மண்ணுக்குள் இறங்கும். சில மீட்டர் தள்ளிக்கூடக் கன்று எழும். சில ஆண்டுகள் அதற்குச் சாப்பாடு காயிலிருந்துதான். முளைத்த காயை இடம் மாற்றுவதே பெரிய தவறு: கயிறு அறுந்தால் கன்று பட்டுவிடும். சாதாரணத் தொட்டியில் தண்டு அடியில் முட்டி நின்றுவிடும். தப்பிப் பிழைத்தாலும், பனையைப் போல ஆண், பெண் தனி மரம். பூக்கவே இருபது ஆண்டுக்கு மேல், காய் முற்ற இன்னும் 6, 7 ஆண்டு.

(சிங்கப்பூரில் தகர டப்பாவில் 'கடல் தேங்காய்' என்று விற்பது பெரும்பாலும் நுங்கு.)

கேள்வி: செஷல்ஸ் போன்ற நடுக்கடல் தீவுக்குத் தவளை எப்படிப் போனது?

போகவில்லை, அங்கேயே இருந்தது. மாஹே, பிராலின் போன்ற கருங்கல் தீவுகள் எரிமலை கக்கியவை அல்ல. இந்தியாவோடு ஒட்டியிருந்து ஏறத்தாழ 6.5 கோடி ஆண்டுகளுக்குமுன் பிரிந்த நிலத்துண்டுகள். உப்புநீர் தவளைக்கு ஆகாது, ஆகவே நிலத்தோடு சேர்ந்தே வந்தது. அதன் மிக நெருங்கிய உறவு நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஊதாத் தவளை. இந்தத் தவளைகளில் ஒன்றான கார்டினர் தவளையின் நீளம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகம். அதற்கு நடுச்செவி இல்லை. வாய்க்குழி அதிர்ந்துதான் ஒலி கேட்கிறது. தலைப்பிரட்டையும் கிடையாது, முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளை. குளத்தோரம் தேடாதீர்கள், மலைக்காட்டுச் சருகுக்குள் பாருங்கள்.

கேள்வி: ஜெல்லிமீன் மரம் (வெடித்த காய் ஜெல்லிமீன் போலிருக்கும் செஷல்ஸ் மரம்) அழிந்துவிட்டதா?

அப்படித்தான் நினைத்தார்கள், 1970-ல் மாஹேயில் மீண்டும் கண்டார்கள். அது இப்போது நிற்கும், வெயிலில் காயும் பாறைமேல் விதை முளைப்பதில்லை. ஈரப்பதம் மிகுந்த நாற்றங்காலில் அதே விதை முளைக்கிறது.