லூரில் கை வைக்கும் முன் தராசில் வையுங்கள்

(கடல் தூண்டில் பக்கம்: வாசகர் கேள்விகளுக்குத் தூத்துக்குடி லேத் பட்டறைக்காரர் பதில்)

அண்ணா, 12 சென்டிமீட்டர் மிதக்கும் மின்னோ லூர் (சின்ன மீன் வடிவத்தில் செய்த போலி இரை) வைத்திருக்கிறேன். முகத்துவாரத்தில் ஒரு நல்ல கொடுவா அடித்தது. இரண்டாவது குதியில் ட்ரெபிள் முள் (மூன்று முனை உள்ள தூண்டில் முள்) நிமிர்ந்து மீன் போய்விட்டது. நண்பர் சொன்னபடி ட்ரெபிளைக் கழற்றி ஒற்றை முள் போட்டேன். இப்போது லூர் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு வருகிறது. எங்கே தப்பு?
- ஒரு வாசகர், கடலூர்

நண்பர் சொன்னது நல்ல யோசனைதான். நடுவில் ஒரு வேலை விட்டுப்போயிற்று. எடை பார்க்கவில்லை.

மின்னோவின் வயிற்றில் தொங்குகிற ட்ரெபிள் மீனைக் குத்துவதற்கு மட்டும் இல்லை. லூர் நிமிர்ந்து நீந்துவதற்கு அடிப்பாரமும் அதுதான். அந்த எடையையும் கணக்கில் வைத்துத்தான் உள்ளே குண்டு போட்டிருப்பார்கள். அதைக் கழற்றிவிட்டு இலேசான முள்ளை மாட்டினால் லூர் தண்ணீரில் தூக்கி நிற்கும், ஆட்டம் அகலமாகும், கொஞ்சம் வேகமாகச் சுற்றினால் படுத்துவிடும்.

நகைக்கடையில் இருக்கிற மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்தான். பழைய ட்ரெபிளையும் அதன் ஸ்ப்ளிட் ரிங்கையும் (முள்ளை லூரில் மாட்டுகிற, சாவி வளையம் மாதிரியான வளையம்) சேர்த்து நிறுத்து எழுதி வையுங்கள். புது முள்ளையும் புது ரிங்கையும் அதேபோல் நிறுத்துப் பாருங்கள். உங்கள் லூர் அளவுக்குக் கால் கிராம் வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளும் என்பது என் அனுபவம். ஒரு கிராம் குறைந்தால் நீங்கள் பார்த்த கூத்துதான். குறைவதை ஈடுகட்ட ஓர் அளவு பெரிய முள் போடலாம், தடித்த ரிங் போடலாம். அதுவும் போதவில்லையென்றால் முள்ளின் தண்டில் மெல்லிய ஈயக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி, மேலே ஒரு சொட்டு அரால்டைட் பசை.

அப்புறம், எந்த ஒற்றை முள்ளும் ஆகாது. இன்லைன் என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண முள்ளின் காது வேறு திசையில் இருப்பதால் ரிங்கில் மாட்டியதும் முள் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். இன்லைன் முள் லூரின் நீளவாட்டிலேயே நிற்கும். வயிற்று முள்ளின் முனை முன்னோக்கியும், வால் முள்ளின் முனை மேல்நோக்கியும் இருக்கட்டும். மாட்டிய பிறகு வயிற்று முள்ளைப் பின்னாலும் வால் முள்ளை முன்னாலும் தள்ளிப் பாருங்கள். இரண்டும் தொட்டுக்கொண்டால் நீளம் அதிகம். முள் முதுகுப் பக்கம் ஏறிக் கொக்கி போட்டுக்கொண்டாலும் நீளம் அதிகம்.

உங்கள் ட்ரெபிள் ஏன் நிமிர்ந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். கொடுவா வாயைப் பிளந்து, தண்ணீரோடு சேர்த்து லூரை உள்ளே இழுக்கிற மீன். முன் ட்ரெபிள் வாய்க்குள்ளும் பின் ட்ரெபிள் கன்னத்துக்கு வெளியேயும் மாட்டும். குதித்துத் தலையை உதறும்போது லூரின் உடம்பு நெம்புகோலாகி ஒரு முள்ளை இன்னொரு முள் பிடுங்கும். நன்னீர் மீனுக்கென்று செய்த மெல்லிய கம்பி அதைத் தாங்காது. தடித்த ஒற்றை முள் ஒன்று ஆழமாக ஏறினால் போதும், மீனை மறுபடி கடலில் விடுவதும் சுலபம். ரிங்கையும் மறக்காதீர்கள். முள்ளை மாற்றிவிட்டுப் பழைய ரிங்கை விட்டால் அடுத்த மீன் ரிங்கைப் பிரித்துக்கொண்டு போகும்.

வீட்டு வாளியில் அசையாமல் அந்தரத்தில் நிற்கிற சஸ்பெண்டிங் லூர், கடலில் மெல்ல மேலே வருகிறது. லூர் போலியா?
- ஒரு வாசகர், நாகப்பட்டினம்

லூர் போலி இல்லை, தண்ணீர்தான் வேறு. 20 கிராம் லூர் நல்ல தண்ணீரில் நடுவே நின்றால், அது ஒதுக்குகிற தண்ணீரும் 20 கிராம். அதே கொள்ளளவு கடல் நீர் சுமார் 20.5 கிராம் இருக்கும். அந்த அரை கிராம்தான் மேலே தூக்குகிறது. வயிற்றில் ஈயத் துண்டு ஒட்டி அரை கிராம் ஏற்றினால் தீர்ந்தது. சோதனைக்கு, வாளித் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் கல் உப்பு கரைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் முகத்துவாரத்துக்கு இந்தக் கணக்கை அப்படியே கொண்டுபோகாதீர்கள். வெள்ளம் இறங்கும்போது மேலே நல்ல தண்ணீர், கீழே உப்புத் தண்ணீர் என்று இரண்டு அடுக்காக இருக்கும். கடலுக்கென்று சரிசெய்த லூர் மேலடுக்கில் மெல்ல இறங்கி, உப்புத் தண்ணீரைத் தொட்டதும் தயங்கி நிற்கும். கொடுவாவுக்கு அது பிடிக்கும் என்பது என் கட்சி. மறுக்கிறவர்களும் உண்டு.

எந்தக் கலர் நல்லது?
- பல வாசகர்கள்

மாதா மாதம் வருகிற கேள்வி. தெளிந்த தண்ணீருக்கு வெள்ளி முதுகு, கலங்கலுக்கு அடர்நிறம். ஆழம் போகப் போகச் சிவப்புதான் முதலில் மறையும். இதற்கு மேல் கலருக்குச் செலவழிக்கிற காசை முள்ளுக்குச் செலவழியுங்கள்.

வஞ்சிரம் லைனை அறுத்துவிடுகிறது. லூருக்கு முன்னால் ஒயர் போட்டால் லூர் செத்த மாதிரி வருகிறது. என்ன செய்ய?
- ஒரு வாசகர், இராமேஸ்வரம்

இரண்டும் உண்மை. ஒயர் கனமாக, நீளமாக இருந்தால் சின்ன மின்னோவின் மூக்கு ஆடவே ஆடாது. மெல்லிய ஒற்றை இழை ஸ்டெயின்லெஸ் கம்பியில் ஒரு சாண் நீளமே போதும். லூர் பக்கம் இறுக்கிக் கட்டாமல் கொஞ்சம் பெரிய வளையமாக முறுக்கி விடுங்கள், மூக்குக்கு இடம் கிடைக்கும். 9 சென்டிமீட்டருக்குக் கீழே உள்ள லூரில் நான் ஒயர் போடுவதில்லை. அறுந்தால் அறுகிறது என்று தடித்த நைலான் லீடரோடு (லைனுக்கும் லூருக்கும் நடுவே கட்டுகிற துண்டு) போடுவேன்.

வஞ்சிரம் இரையின் வால் பக்கத்தை நறுக்கிவிட்டுப் போகிற மீன். அதனால் ஒரே ஒரு முள்தான் மாற்ற முடியும் என்றால் வால் முள்ளை மாற்றுங்கள். கொடுவாவுக்கு ஒயர் வேண்டாம். ஆனால் அதன் செவுள் மூடி கத்தி மாதிரி இருக்கும், அதற்குத் தடித்த லீடர் கட்டாயம்.

புது லூர் இடது பக்கமாகவே ஓடுகிறது. கடையில் மாற்றித் தர மறுக்கிறார்கள்.
- ஒரு வாசகர், கொளச்சல்

லூரின் மூக்கு உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். லைன் கட்டுகிற வளையத்தைக் குறடால் வலது பக்கம் ஒரு முடியளவு வளையுங்கள். திருக வேண்டாம், சாய்த்தால் போதும். வீசிப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு முடியளவு. ஒரேயடியாக வளைத்தால் வளையம் பிளாஸ்டிக்கில் ஆடத் தொடங்கி, உள்ளே தண்ணீர் இறங்கும். எதற்கும் அசையவில்லையென்றால் உதடு (லூரின் மூக்குக்கு அடியில் நீட்டி நிற்கிற தகடு) கோணலாக ஒட்டியிருக்கும். அதை எடுத்து மறுபடி ஒட்டுவது வெட்டி வேலை.

அண்ணா, கல்லூரியில் படிக்கிறேன். காசு இல்லை. மரத்தில் நானே பாப்பர் (தண்ணீர் மேலே சத்தம் போட்டுக்கொண்டு வருகிற லூர்) செய்யலாமா?
- ஒரு வாசகர், காயல்பட்டினம்

தாராளமாகச் செய்யலாம், தம்பி. ரப்பாலா என்ற பெயர் கேட்டிருப்பாய். பின்லாந்தைச் சேர்ந்த லௌரி ரப்பாலா 1936-ல் முதல் லூரைத் தக்கையில்தான் செதுக்கினார். மினுமினுப்புக்குச் சாக்லேட் சுற்றிய தாள், மேல்பூச்சுக்கு உருக்கிய போட்டோ பிலிம். அவருக்கும் காசு இல்லை.

இலேசாக வேண்டுமென்றால் கல்யாண முருங்கை, நன்றாகக் காய்ந்தது. தூரம் போக வேண்டுமென்றால் தச்சுப் பட்டறையில் கிடக்கிற தேக்குத் துண்டு. பாப்பருக்கு உதடு வேண்டாம், வாயைக் குழிவாகக் குடைந்தால் போதும். அதனால்தான் பழகுகிற கைக்குப் பாப்பர் நல்லது.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதே. மூக்கிலிருந்து வால் வரை ஒரே ஸ்டெயின்லெஸ் கம்பி ஓட வேண்டும். வயிற்றில் நீளமாக ரம்பத்தால் கீறி, மூக்கிலும் வயிற்றிலும் வாலிலும் வளையம் வரும்படி வளைத்த கம்பியை உள்ளே வைத்து, பின்பாதியில் ஈயத்தைச் சொருகி, எபாக்ஸி பசையால் நிரப்பு. மரத்தைப் பாறை மீன் கடித்துப் பிளந்தாலும் முள்ளும் லைனும் கம்பியிலேயே இருக்கும். வெறும் திருகு வளையம் போட்டால் அது மரத்தை விட்டுப் பிடுங்கிக்கொண்டு வரும். கீறலை மூடும் முன், முள்ளெல்லாம் மாட்டி, ஈயத்தை ரப்பர் பேண்டில் கட்டி வாளியில் விட்டுப் பார். வால் தாழ்ந்து, மூக்கு வானத்தைப் பார்த்து நின்றால் நல்ல பாப்பர். பெயின்ட் கடைசி. அதற்கு மேல் இரண்டு கோட் எபாக்ஸி. அது இல்லாவிட்டால் மரம் தண்ணீர் குடித்து உப்பிவிடும்.

தடைக்காலத்தில் கரையிலிருந்து லூர் வீசலாமா?
- ஒரு வாசகர், சென்னை

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்கு. கரையிலும் தூண்டில் வளைவுக் கற்களிலும் நின்று வீசுவது வேறு கதை. துறைமுகச் சுவர் என்றால் அனுமதி கேளுங்கள், காவலரோடு வாய்ச்சண்டை வேண்டாம். எங்கள் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகள் பக்கம் தூண்டிலோடு போகாதீர்கள்.

என் கணவரின் லூர் பெட்டி துருவும் நாற்றமுமாக இருக்கிறது. ரப்பர் புழுக்கள் வேறு உருகி லூரோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தூக்கிப் போடட்டுமா?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பொறுங்கள் அம்மா, அதில் ஆயிரக்கணக்கில் காசு கிடக்கலாம். ரப்பர் புழுவும் பிளாஸ்டிக் லூரும் ஒரே அறையில் கிடந்தால் புழுவில் இருக்கிற எண்ணெய்ச் சத்து லூரின் பெயின்டையும் உடம்பையும் கரைக்கும். இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். கடலுக்குப் போய்வந்த லூரை ஈரத்தோடு பெட்டிக்குள் வைத்தால் அந்த உப்பு ஈரம், கடலுக்குப் போகாத லூரையும் துருப்பிடிக்க வைக்கும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காய்ந்த பிறகுதான் பெட்டி.

துருப்பிடித்த முள்ளையெல்லாம் கழற்றிப் போடலாம், லூரை வைத்துக்கொள்ளலாம். மிச்சமுள்ள முள்ளின் முனையைக் கட்டைவிரல் நகத்தில் சாய்த்து இலேசாக இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நகத்தில் பதிந்தால் நல்ல முள். வழுக்கினால் சின்ன அரத்தால் இரண்டு இழுப்பு. அரம் பட்ட இடத்தில் பூச்சு போய்விடும், அந்த முள் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதனால் அதை அடுத்த முறைக்கே பயன்படுத்திவிட்டு மாற்றிவிட வேண்டும்.