மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு எந்தெந்த இசைச் சொற்களைச் சொல்லித்தரலாம்?

மூன்றாவது படிக்கும் மகளுக்குப் பள்ளியில் இசைச் சொற்கள் என்று ஒரு நீளமான பட்டியலைக் கொடுத்து, அர்த்தத்தோடு மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள், எதில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். அதில் ஆரோகணம், அவரோகணம், கமகம், மேளகர்த்தா எல்லாம் இருக்கும் என்று பார்க்காமலே சொல்வேன். தொடக்கப்பள்ளியில் பல வருஷமாகப் பாட்டு டீச்சராக இருக்கிறேன். இந்தப் பட்டியலைக் கண்டாலே எனக்குக் கோபம் வரும்.

இந்த வயதுக்கு நாலு சொல் போதும்: ஸ்தாயி (சுரம் எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்பது), தாளம், காலம் (பாடும் வேகம்), சுருதி (பாட்டுக்கு அடிப்படையாக வைத்துக்கொள்ளும் ஸ). ஆனால் நாலும் காதில் ஏற வேண்டும். நோட்டில் ஏறிப் பயனில்லை.

ஸ்தாயியில்தான் பெரிய சிக்கல். "மேலே பாடு" என்றால் குழந்தைகள் கத்துவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. வீட்டில் டிவி சத்தத்தையும் "ஏத்து, குறை" என்றுதானே சொல்கிறோம். நான் ஆர்மோனியத்தில் துருத்தியை மெல்ல அழுத்தி மேல் ஸ்தாயி ஸ வாசிப்பேன், அப்புறம் நன்றாக அழுத்திக் கீழ் ஸ்தாயி ஸ. சுரம் மேலே போனால் கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும், சத்தம் பெரிதானால் இரண்டு கையையும் அகல விரிக்க வேண்டும். முதல் நாள் வகுப்பே குழம்பும். கொஞ்ச நாளில் கண்ணை மூடிக்கொண்டே சரியாகக் காட்டுவார்கள். வீட்டில் ஆர்மோனியம் இல்லையென்றால், ஒரே அளவுள்ள எவர்சில்வர் டம்ளர்களில் வெவ்வேறு அளவு தண்ணீர் ஊற்றித் தட்டச் சொல்லுங்கள். தண்ணீர் கூடக்கூட சுரம் இறங்கும். ஜலதரங்கக் கலைஞர்கள் பீங்கான் கிண்ணங்களைச் சுருதி சேர்ப்பதும் இப்படித்தான். ஒரே டம்ளரை மெல்லத் தட்டினாலும் ஓங்கித் தட்டினாலும் சுரம் அதேதான் என்பதை அவளே கண்டுபிடிப்பாள்.

அடுத்தது தாளமும் காலமும். ஆதி தாளம் போடச் சொன்னால் ஒரு தட்டு, சுண்டுவிரலில் தொடங்கி மூன்று விரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு என்று 8 எண்ணிக்கையையும் சீக்கிரமே பிடித்துக்கொள்வார்கள். முதல் சுரப் பயிற்சியான சரளி வரிசையை இரண்டாம் காலத்தில், அதாவது இரண்டு மடங்கு வேகத்தில், பாடச் சொன்னதும் கை பறக்க ஆரம்பிக்கும். கை அதே நிதானத்தில் இருக்க, ஒரு எண்ணிக்கைக்கு இரண்டு சுரம் வர வேண்டும். இதை வாயால் விளக்கிப் புரியவைக்க முடியாது. வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியிடம் பாட்டையும் மறு பாதியிடம் தாளத்தையும் கொடுத்து, "அவங்க என்ன பாடினாலும் நீங்க ஓடக்கூடாது" என்று தாளக் கூட்டத்திடம் சொல்லிவிடுவேன். அப்போதுதான் காலம் என்றால் என்னவென்று பிடிபடும்.

சுருதிக்குத் தனிப் பாடமே வேண்டாம். அந்த ஸவை விடாமல் ஒலிக்கும் சுருதிப் பெட்டி வகுப்பு முழுக்க ஓடட்டும். குழந்தையின் குரலுக்கு எது ஒத்துவருகிறதோ, 5 கட்டையோ 5½ கட்டையோ, அதில் பாடட்டும். கட்டை என்பது எந்தச் சுருதியில் ஸவை வைக்கிறோம் என்பதற்கான எண். ஒரு கட்டையில் வைத்தாலும் ஐந்து கட்டையில் வைத்தாலும் ஸ, ஸதான். ஒவ்வொரு கட்டைக்கும் மாறாத ஒரு பெயர் என்று பழகி, கீபோர்டு கிளாசுக்குப் போகிற பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

மனப்பாடமே கூடாது என்று நான் சொன்னதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சட்ஜமம், ரிஷபம் என்று ஏழு சுரங்களின் பெயரையும் பாட்டாகச் சொல்லட்டும். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற தமிழ்ப் பெயர்களையும் சேர்த்தே சொல்லட்டும். கர்நாடக இசை மட்டும்தான் இசையா என்று கேட்பீர்கள். பறையைத் தீயில் காய்ச்சுவதற்கு முன்னும் பின்னும் தட்டிக் காட்டுங்கள். சுருதி ஏறுவது எந்தக் குழந்தைக்கும் கேட்கும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில், பெற்றோர் கூட்டத்தன்று ஒரு அம்மா இசை நோட்டை மேசைமேல் போட்டு, "பக்கமெல்லாம் காலியா இருக்கே மிஸ், என்ன நடத்துறீங்க?" என்றார். பக்கத்திலிருந்த அவர் பையனை இரண்டாம் காலம் பாடச் சொன்னேன். தாளம் தப்பாமல் பாடினான். அவர் கேட்டுவிட்டு, "சரி, இதை எழுதிப் போடலாமே" என்றார். அடுத்த வாரமே நிர்வாகம் எனக்கும் ஒரு பட்டியலைக் கொடுத்தது.

நீங்கள் கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அதே பள்ளியில் பரீட்சை நெருங்கினால் பாட்டு பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வார்கள். ஆண்டு விழா நெருங்கினால் டான்ஸ் ஒத்திகைக்கு எடுத்துக்கொள்வார்கள். மேடையில் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடும், வருஷம் முழுக்க என்னிடம் பாடிய பிள்ளைகள் வாயை மட்டும் அசைப்பார்கள். ஒரே ஒரு பாட்டாவது அவர்கள் குரலில் பாடட்டும் என்று ஒவ்வொரு வருஷமும் கேட்டேன். நேரமில்லை என்றார்கள்.

உங்கள் மகள் அந்தப் பட்டியலைப் பரீட்சைக்கு எழுதிவிட்டுப் போகட்டும், மதிப்பெண்ணை ஏன் விட வேண்டும். மேளகர்த்தாவெல்லாம் வர்ணம் பாடும் வயதில் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை டம்ளர்களை எடுத்துக் கொடுங்கள். தட்டுவதற்கு மரக்கரண்டி கொடுத்தால் காதைக் குத்தாது.