டேவிஸும் தோட்ட முதலாளிகளின் அரசும்: ஒரு கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி நீங்கள் எழுதிவரும் தொடரை எங்கள் சுங்கை சிப்புட் வாசகர் வட்டத்தில் படித்து வருகிறோம். சென்ற கூட்டத்தில் பெரிய விவாதம் எழுந்தது. தென் மாநிலங்களின் பிரிவினை அரசு தோற்றதற்கு அதன் அதிபர் ஜெபர்சன் டேவிஸின் பிடிவாதமும் முன்கோபமுமே காரணம், வடக்கின் அதிபர் லிங்கனைப் போன்ற ஒருவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்றார் ஒரு நண்பர். ஓய்வு பெற்ற கிராணி (தோட்ட எழுத்தர்) ஒருவரோ, அவர்கள் மாநில உரிமைக்காகப் போராடியவர்கள், அந்தக் கொள்கையே அவர்களுடைய மத்திய அரசின் கையைக் கட்டிப்போட்டது, அடிமை முறை பின்னாளில் சொல்லப்பட்ட காரணம் என்றார். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன் என்பதாலோ என்னவோ, எனக்கு இரண்டுமே ஏற்கும்படியாக இல்லை. மறுத்துப் பேசவும் தெரியவில்லை. டேவிஸ் கடைசிக் காலத்தில் வருந்தினாரா என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். டேவிஸின் குறைகளைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னதில் பொய் இல்லை. தம்மோடு கருத்து மாறுபட்டவரைப் பகைவராகவே கருதிவிடும் இயல்பு அவருக்கு இருந்தது. படைத்தலைவர்களோடு நீண்ட கடிதச் சண்டைகள் நடத்தினார். நான்கு ஆண்டுகளில் போர் அமைச்சர் பதவியில் ஐவர் அமர்ந்தனர். இடைக்காலப் பொறுப்பு வகித்தவரையும் சேர்த்தால் அறுவர். ஆனால் 1861 பிப்ரவரியில் அலபாமாவின் மான்ட்கோமரி நகரில் கூடிய பிரிந்த மாநிலங்களின் பிரதிநிதிகள் அதிபர் பதவிக்கு ஆளைத் தேடியபோது, அவரைவிடத் தகுதியானவர் எவரும் அவர்கள் கண்ணில் படவில்லை என்பதையும் நாம் மறக்கக் கூடாது. வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியில் பயின்றவர், மெக்சிகோ போரில் படை நடத்தியவர், செனட்டர், 1853 முதல் 1857 வரை ஒன்றுபட்ட அமெரிக்காவின் போர் அமைச்சர். எதிரே இருந்த லிங்கனோ நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு தவணை இருந்த வழக்கறிஞர். அனுபவத்தை மட்டும் எடை போட்டால் தென்னாட்டுக்கே நல்ல தலைவர் வாய்த்தார் என்றுதான் அன்று எவரும் சொல்லியிருப்பார்கள்.

அவர் அந்தப் பதவியை நாடிப் போகவும் இல்லை. படை நடத்தவே விரும்பினார். அவரைத் தேர்ந்தெடுத்த செய்தியோடு தந்தி வந்தபோது மிசிசிப்பி ஆற்றங்கரையிலிருந்த பிரையர்பீல்டு என்னும் தம் பருத்தித் தோட்டத்து வீட்டில், மனைவி வரினாவோடு ரோஜாச் செடிகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். அதைப் படித்ததும் அவர் முகம் வாடியதைக் கண்டு குடும்பத்தில் ஏதோ கெட்டது நடந்துவிட்டதென்று தாம் அஞ்சியதாகவும், சில நிமிடங்கள் கழித்து மரண தண்டனையைச் சொல்பவரைப் போல அவர் செய்தியைச் சொன்னதாகவும் வரினா தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தத் தோட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்கள் அவருடைய உடைமையாக இருந்தார்கள். உங்கள் வட்டத்தின் பேச்சு இங்கிருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மான்ட்கோமரி மாநாட்டுக்குத் தலைமை வகித்த ஹவல் காப், வெளியுறவு அமைச்சரான ராபர்ட் டூம்ஸ், துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் ஆகிய மூவருமே ஜார்ஜியாவைச் சேர்ந்த அடிமை உடைமையாளர்கள். அவர்கள் கட்டியது தோட்ட முதலாளிகளின் அரசு. அதைக் கட்டியவர்களே வெளிப்படையாகச் சொன்னதுதான் இது. 1861 மார்ச் 21 அன்று சவானா நகரில் பேசிய ஸ்டீபன்ஸ், கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்லர், அடிமைத்தனமே அவர்களுக்கு இயல்பான நிலை, அந்த உண்மையே புதிய அரசின் மூலைக்கல் என்று அறிவித்தார். அடிமை முறை பின்னாளில் கற்பிக்கப்பட்ட காரணம் என்னும் கிராணி ஐயாவின் வாதத்துக்கு அந்தப் பேச்சே போதிய விடை. மாநில உரிமையைப் பற்றிய அவருடைய கருத்துக்கும் அவர்களுடைய அரசியல் சட்டத்திலேயே மறுமொழி இருக்கிறது. அடிமை உடைமையைப் பாதிக்கும் எந்தச் சட்டத்தையும் அவர்களுடைய நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்றும், எந்த மாநிலத்தவரும் தம் அடிமைகளோடு வேறெந்த மாநிலத்திலும் சென்று தங்கலாம் என்றும் அதில் எழுதிவைத்தார்கள். பிரிந்துபோகும் உரிமையை ஓரிடத்திலும் எழுதவில்லை. அதற்கு முன்னரும், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லும் 1850ஆம் ஆண்டுச் சட்டத்தை வட மாநிலங்கள் எதிர்த்தபோது, மத்திய அரசின் அதிகாரத்தைக் கொண்டு அவற்றை அடக்கச் சொன்னவர்கள் இவர்களே. மாநில உரிமை அவர்களுக்குப் பயன்பட்ட இடத்தில் கொள்கையாக இருந்தது, பயன்படாத இடத்தில் இல்லை.

இனி தோல்வியைப் பற்றிச் சொல்கிறேன். படைபலத்திலும் தொழிற்சாலைகளிலும் வடக்கு மேலோங்கியிருந்தது எல்லாரும் அறிந்தது. நான் சொல்ல விரும்புவது தலைமையைப் பற்றியது. போர் நடத்தும் அரசு குடிமக்களிடம் மகனைக் கேட்கும், தானியத்தைக் கேட்கும், உடைமையைக் கேட்கும். ஓர் உடைமையைக் காப்பதற்கென்றே பிறந்த அரசு அந்த உடைமையைக் கேட்க முடியாமல் திணறியது. 1862 ஏப்ரலில் கட்டாய இராணுவச் சேவையைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்க மண்ணில் நாடு முழுமைக்குமாக வந்த முதல் கட்டாயச் சேவைச் சட்டம் அது. அக்டோபரில், 20 அடிமைகள் உள்ள தோட்டத்துக்கு ஒரு வெள்ளையருக்கு விலக்கு அளித்தார்கள். ஏர் பிடித்த சிறு விவசாயி போர்முனைக்குப் போனான், அவன் மனைவி பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிலத்தோடு போராடினாள். அதே ஆண்டில், படைத்தலைவராகிவிட்ட டூம்ஸிடம், பருத்தியைக் குறைத்து உணவுப் பயிர் செய்யும்படியும், அரண் கட்ட அடிமைகளை அனுப்பும்படியும் அவருடைய ஊர்க் குழு கேட்டது. அவர் மறுத்துவிட்டார், நான் இல்லாத நேரத்தில் நீங்கள் என்னைக் கொள்ளையடிக்கலாம், மிரட்ட முடியாது என்ற பொருளில் தந்தி அனுப்பினார். பெற்ற மகனைத் தயங்காமல் அனுப்பியவர்கள் அடிமையை அனுப்பத் தயங்கினார்கள் என்று அக்காலத்தவரே குமுறினார்கள்.

1863 ஏப்ரல் 2 அன்று தலைநகர் ரிச்மண்டில் பசி தாளாத பெண்கள் கோடரிகளோடு கடைகளை உடைத்தார்கள். டேவிஸ் நேரில் வந்து ஒரு வண்டியின் மீது ஏறி நின்று, சட்டைப்பையிலிருந்த காசையெல்லாம் அவர்கள் முன் எறிந்துவிட்டு, ஐந்து நிமிடத்துக்குள் கலையாவிட்டால் சுடச் சொல்வேன் என்றார். பெண்கள் கலைந்தார்கள். அந்த மனிதரிடம் இரக்கமும் இருந்தது, துணிவும் இருந்தது. அந்தப் பெண்களுக்கு ரொட்டியாக வேண்டிய தானியம் விளைய வேண்டிய நிலத்தில் பருத்தி விளைவதை நிறுத்தும் வல்லமைதான் அவருடைய அரசிடம் இல்லை. பருத்தியை நிறுத்திவைத்தால் இங்கிலாந்து தம்மிடம் ஓடிவரும் என்ற நம்பிக்கையும் பொய்த்தது. எகிப்திலும் இந்தியாவிலும் பருத்தி கூடுதலாக விளைந்தது. நம் முன்னோர் பலரின் பூர்வீகமான திருநெல்வேலிச் சீமைப் பஞ்சும் தூத்துக்குடியில் கப்பலேறியது. எந்த வெளிநாடும் அந்த அரசை நாடாக ஏற்கவில்லை.

தலைவர்களுக்குள் நடந்த பூசலையும் இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். கட்டாயச் சேவையையும், விசாரணையின்றிச் சிறை வைக்கும் அதிகாரத்தையும் எதிர்த்த ஸ்டீபன்ஸ் மாதக்கணக்கில் ஜார்ஜியாவிலேயே தங்கி அதிபரைத் தாக்கி எழுதினார். ஜார்ஜியா ஆளுநர் ஜோசப் பிரவுன், அதிகாரிகள் என்று பெயர் சூட்டி ஆயிரக்கணக்கானோரைச் சேவையிலிருந்து காப்பாற்றினார். கட்சிகளே வேண்டாம், எல்லாரும் ஒரே குரலில் பேசுவோம் என்று தொடங்கிய அரசு அது. கட்சி இல்லாததால் எதிர்ப்பு தனிப்பகையாக மாறியது, ஆதரவைத் திரட்டவும் அதிபருக்கு ஓர் அமைப்பு இல்லாமல் போனது.

கடைசியில் நடந்ததை உங்கள் வட்டத்தில் அவசியம் பேசுங்கள். அடிமைகளைப் படையில் சேர்த்து விடுதலை அளிக்கலாம் என்று 1864 ஜனவரியில் படைத்தலைவர் பேட்ரிக் கிளெபர்ன் சொன்னபோது, அதை வெளியே பேசவே கூடாது என்று டேவிஸ் தடுத்தார். ஓராண்டு கழித்து வேறு வழியின்றி அவரே அதைக் கேட்க வேண்டியதாயிற்று. அப்போது ஹவல் காப், அடிமைகள் நல்ல வீரர்களாவார்கள் என்றால் அடிமை முறையைப் பற்றிய நம் கோட்பாடு முழுவதுமே தவறு என்று எழுதினார். 1865 மார்ச் 13 அன்று சட்டம் நிறைவேறியது. அதிலும், உடைமையாளரும் மாநிலமும் இசைந்தாலன்றி எவருக்கும் விடுதலை இல்லை என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அடுத்த மாதத் தொடக்கத்திலேயே ரிச்மண்ட் வீழ்ந்தது. லிங்கனை அந்த நாற்காலியில் உட்கார வைத்தாலும், காப்பையும் டூம்ஸையும் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்திருப்பார்?

தோட்டத்தில் பிறந்ததைக் குறிப்பிட்டீர்கள். நம் பாட்டன்மார் கங்காணியின் கடனிலும் துரையின் அதட்டலிலும் பட்ட துன்பம் பெரிது, அதைக் குறைத்துச் சொல்ல என்னால் ஆகாது. ஆனால் லயத்தில் பிறந்த குழந்தையை எந்தத் துரையும் ஏலத்தில் விற்கவில்லை. இரண்டையும் ஒன்றென்று சொன்னால் அவர்கள் பட்டதும் நம்மவர் பட்டதும் இரண்டுமே சரியாகப் புரியாமல் போகும். இந்த எச்சரிக்கையோடு ஒன்றைச் சொல்கிறேன். டேவிஸின் அண்ணனுக்கு அடிமையாக இருந்த பெஞ்சமின் மான்ட்கோமரி, போர் முடிந்தபின் 1866இல் பிரையர்பீல்டையும் அடுத்த தோட்டத்தையும் 3,00,000 டாலருக்குக் கடன் முறையில் வாங்கித் தம் மக்களோடு திறம்பட நடத்தினார். நம் ஊர்க்காரரான மலேசிய அரசியல் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் கூட்டுறவுச் சங்கம் கண்டு தொழிலாளரைத் தோட்ட உரிமையாளராக்க முனைந்த வரலாற்றை அறிந்த நமக்கு அதன் அருமை தெரியும். பருத்தி விலை விழுந்து மான்ட்கோமரி குடும்பம் கடனில் சிக்கியது. டேவிஸ் வழக்காடிப் பிரையர்பீல்டைத் திரும்பப் பெற்றார்.

அவர் வருந்தினாரா என்று கேட்டீர்கள். இரண்டு ஆண்டுச் சிறைவாசத்துக்குப் பின் விசாரணையின்றியே விடுதலையான அவர், கடைசி வரை மன்னிப்புக் கோரவில்லை. 1884இல் மிசிசிப்பி சட்டமன்றத்தில், மீண்டும் அந்த நிலை வந்தால் 1861இல் செய்ததையே செய்வேன் என்றார். 1888இல் இளைஞர்களிடம் கசப்பை விட்டுவிட்டு ஒன்றுபட்ட நாட்டுக்கு உழைக்கச் சொன்னதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். 1881இல் வெளியிட்ட இரண்டு பெரிய தொகுதிகளில், போருக்கு அடிமை முறை காரணமல்ல என்று வாதிட்டார். ஆனால் 1861 ஏப்ரல் 29 அன்று தம் நாடாளுமன்றத்துக்கு அவர் அனுப்பிய செய்தியில், அடிமைகளின் உழைப்பையும் அதில் விளைந்த பருத்தியையும் வரிசையாக எடுத்துக்காட்டி, அவ்வளவு பெரிய நலன்களுக்கு ஆபத்து வந்ததாலேயே பிரிந்தோம் என்று அவரே எழுதியிருக்கிறார். அடுத்த கூட்டத்தில் கிராணி ஐயாவையே அந்தச் செய்தியைப் படிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்