மிச்சம் என்ன இருந்தது?

கேள்வி: டெல்லி மயூர் விஹாரில் வசிக்கிறேன், வயது 26. பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்து மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஐ.நா. உலக உணவுத் திட்டத்தில் சேர்ந்து ஆப்பிரிக்காவில் பசி ஒழிப்புப் பணி செய்வது என் லட்சியம். அதற்கு லண்டனில் மேற்படிப்பு படிக்க ஆசை. பென்ஷன் வாங்கும் அப்பா தம் சேமிப்பைத் தர மறுக்கிறார். இரவில் நாங்கள் இருவரும் சாப்பிட்டு எழுந்தபின், அம்மா மிச்சம் இருப்பதைப் போட்டுக்கொண்டு உட்காரும்போது அவரிடம் இதைப் பேசுவேன். அவருக்கு ரத்தசோகை, அதனால் அதிகம் வற்புறுத்துவதில்லை. அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: அப்பா இருக்கட்டும் தம்பி. நேற்று இரவு உங்கள் வீட்டில் என்ன மிச்சம் இருந்தது? அடிவண்டல் ரசமும் ஒரு கரண்டிச் சோறுமா? பொரியல் இருந்ததா? உங்களுக்குத் தெரிந்திருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து லண்டனைப் பற்றிப் பேசியிருக்கிறீர்கள், தட்டைப் பார்க்கவில்லை.

நீங்கள் ஆசைப்படும் வேலை தட்டிலிருந்துதான் தொடங்குகிறது. பஞ்சம் பாதித்த ஊரில் கணக்கெடுக்கப் போகிறவர்கள் வீட்டுப் பெண்ணிடம் கேட்கும் கேள்விகளைச் சொல்கிறேன். கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் கடன் வாங்கிச் சமைத்தீர்கள்? எத்தனை நாள் பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் குறைத்துக்கொண்டீர்கள்? மானத்துக்கு அஞ்சி அவள் 'ஒன்றும் குறையில்லை' என்பாள். அதை அப்படியே எழுதிக்கொண்டு வருகிறவரால் யாருக்கும் பயனில்லை. உங்கள் அம்மாவும் அதையேதான் சொல்வார், கேட்டுப் பாருங்கள்.

உங்கள் வீட்டில் அரிசிக்குப் பஞ்சமில்லை. எனக்குக் கோபம் வருவதே அதனால்தான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. வசதியான வீட்டுப் பெண்களும் அதில் உண்டு. வேறு காரணமும் இருக்கலாம், அதை டாக்டர் பார்க்கட்டும். இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். இன்று முதல் மூவரும் ஒன்றாக உட்காருங்கள், பரிமாறுவது உங்கள் வேலை. பெற்றவளைக் கடைசியில் உட்கார வைத்துவிட்டு ஊரார் பசியைத் தீர்க்கக் கிளம்புவதை நான் சேவை என்று சொல்ல மாட்டேன்.

லட்சியம் நல்லதுதான். ஆனால் ரோமில் தலைமையகம் வைத்திருக்கும் அந்த அமைப்பு நிரந்தர வேலைக்குப் பட்டத்தோடு கள அனுபவமும் கேட்கும். அதற்கு ஆப்பிரிக்கா வரை போக வேண்டியதில்லை. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மாதம் தலைக்கு ஐந்து கிலோ தானியம் தரும் ரேஷன் கடை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. கைரேகை பதியாமல் திரும்பும் கிழவி ஏன் திரும்புகிறாள் என்று நின்று பாருங்கள். அங்கன்வாடிகளோடு வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து குழந்தையின் மேற்கையை நாடாவால் அளக்கப் பழகுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு 11.5 செ.மீ.க்குக் கீழே என்றால் நாடாவில் சிவப்பு, அதாவது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. பிள்ளை திமிறும், நாடாவை இறுக்கிவிட்டால் அளவு பொய்யாகிவிடும். கை பழக நாளாகும்.

அப்பா மறுப்பது சரி. அந்தச் சேமிப்பு அவர்கள் இருவரின் முதுமைக்கு உரியது. 26 வயதில் அதைக் கேட்க உங்களுக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் அரசின் செவ்னிங் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டு பணி அனுபவம் போதும். படித்து முடித்ததும் இரண்டு ஆண்டுக்குச் சொந்த நாடு திரும்பிவிட வேண்டும் என்பது நிபந்தனை. எனக்கு அது மிகவும் பிடித்த நிபந்தனை. விண்ணப்பியுங்கள். அதற்கு அப்பாவின் சம்மதம் தேவையில்லை.