மாங்குளத்தில் பார்த்த 94 பென்ஸ் ஈ220 பற்றி

வணக்கம் தம்பி, கார் சூடானதும் இன்ஜின் மிஸ் அடிக்குது (சீராக ஓடாமல் விட்டுவிட்டு இழுக்குது), ஒரு கராஜில் இன்ஜினைக் கழற்றவேணும் என்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டு ஒன்றையும் கழற்ற விடாதீர்கள். டபிள்யூ124 என்ற இந்த வகை பென்ஸின் பெட்ரோல் மொடல்களில் 1993 தொடக்கம் 95 வரை வந்தவற்றுக்கு இன்ஜின் வயர் ஹார்னஸ், அதாவது இன்ஜினுக்குப் போகும் வயர்க் கட்டுத்தான் பெயர்போன வருத்தம், உள்வயரின் பிளாஸ்டிக் உறை சூட்டில் காய்ந்து உதிரும், வயரோடு வயர் முட்டும், அப்போது மிஸ் அடிக்கும். இன்ஜெக்டருக்கு (பெட்ரோலைப் பீச்சும் பாகம்) போகும் வயரின் வெளிக்குழாயைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி உள்ளே மெதுவாக வளைத்துப் பாருங்கள், முட்டைக்கோது போல உடைந்தால் காரணம் அனேகமாக அதுதான். முன்பே மாற்றியிருந்தால் பில்லைக் கேளுங்கள்.

அப்புறம் ரேடியேட்டர் மூடி, இன்ஜின் ஆறினபிறகு மட்டும் திறவுங்கள். எங்கட பக்கம் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியே ஓடின கார்கள் கனக்க, கேத்தலுக்குள் படியுமே அந்த வெள்ளைச் சுண்ணாம்பு, அதேதான் உள்ளேயும் படியும், இருக்குதா என்று பாருங்கள். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் 80க்கும் 100க்கும் இடையில் நின்றால் பயமில்லை, ஏ9இல் அரை மணித்தியாலம் ஓட்டிவிட்டு இன்ஜினை அணைக்காமல் ஏசியோடு நிறுத்தி வைத்து முள்ளைப் பாருங்கள்.

என்னிடம் 91 மொடல் 250டி டீசல் பதினொரு வருடமாக நிற்கிறது, கிளிநொச்சிப் புழுதிக்கு எயார் பில்டரை மட்டும் அடிக்கடி மாற்றுவேன். காரின் பொடி (வெளித்தகடு) துருப்பிடிக்காமல் இருந்தால், ஹார்னஸ் செலவைக் கழித்து விலை பேசி வாங்குங்கள். சாமான் கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடலாம், ஆனால் ஹார்னஸ் மட்டும் பழையது வேண்டாம், அதுவும் உதிரும்.