கட்டடம் இருக்கட்டும், பத்திரம் யார் பெயரில்?

கேள்வி: போரில் தரைமட்டமான நகரத்தை போலந்தின் வார்சாவைப் போலப் பழையபடியே கட்டுவதா, நெதர்லாந்தின் ராட்டர்டாமைப் போல அடியோடு புதிதாகக் கட்டுவதா? எது நல்ல திட்டமிடல்? நெரிசலில்லாத நவீன நகரம் அமைக்கக் கிடைத்த வாய்ப்பு என்று இடிபாட்டைப் பார்ப்பது தவறா?
— வாசகர், திருச்சி

பதில்: அந்த 'வாய்ப்பு' என்ற சொல்லை வீடிழந்த ஒருவர் முன்னால் சொல்லிப் பாருங்கள், பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

பழையதா புதியதா என்ற தராசே கோணல். வார்சா பழையபடி கட்டப்பட்டது என்று யார் சொன்னது? நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போலந்துக்காரர்கள் நடத்திய 1944 எழுச்சிக்குப் பிறகு ஜெர்மானியப் படைகள் தீ வைத்தும் வெடி வைத்தும் தெருத் தெருவாக அழித்த நகரம் அது. பெல்லோட்டோ 18ஆம் நூற்றாண்டில் தீட்டிய ஓவியங்களையும், போருக்கு முன் கட்டடக்கலை மாணவர்கள் எடுத்து வைத்திருந்த அளவுப் படங்களையும் வைத்துக்கொண்டு பழைய நகர்ப் பகுதியை எழுப்பினார்கள். 1953-இல் அதன் சந்தைச் சதுக்கம் திறக்கப்பட்டது. ஆனால் முகப்புதான் பழசு. உள்ளே புதுக் குடியிருப்பு. கொல்லைப்புறத்தில் நெருக்கியடித்து நின்ற கட்டடங்களை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டு வாடகை வீடுகளில் குண்டுக்குத் தப்பியவை பல, திட்டக்காரர்களிடம் தப்பவில்லை. பழையதிலும் பிடித்த பழையது மட்டும் திரும்பி வந்தது.

இவ்வளவு தாராளமாக வெட்டி ஒட்ட முடிந்ததற்குக் காரணம், 1945 அக்டோபரில் வந்த ஓர் ஆணை. நகர எல்லைக்குள் இருந்த நிலம் முழுவதும் அதன்மூலம் அரசின் கைக்குப் போனது. அதன் வழக்குகள் இந்த நூற்றாண்டிலும் வாரிசுகளைத் துரத்துகின்றன. போரின்போது ஜெர்மானியர்கள் யூதர்களை அடைத்து வைத்திருந்த பகுதியின் மேல் முரனூவ் குடியிருப்பு எழுந்தது. இடிபாட்டை அள்ளிக் கொட்டக்கூட இல்லை, அதையே மேடாக்கி, அதையே பொடித்து கல்லறுத்துக் கட்டினார்கள். உரிமை கேட்டு வந்திருக்க வேண்டியவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டிருந்தார்கள்.

ஆகவே நான் முதலில் பார்ப்பது வரைபடத்தை அல்ல, பட்டாவை. ஏன் என்று லெபனானின் தலைநகர் பெய்ரூட் சொல்லும். 1975 முதல் 1990 வரை உள்நாட்டுப் போர். நகரின் நடுப்பகுதி இரு தரப்புக்கும் இடைப்பட்ட போர்க்கோடாகிப் பாழானது. அங்கே கடை, வீடு, வக்ஃபு, பங்காளிச் சொத்து, மூன்று தலைமுறை வாடகைதாரர் என்று எல்லாம் சிக்கலாகப் பின்னிக் கிடந்தன. 1991-இல் ஒரு சட்டம் போட்டார்கள்; 1994-இல் சோலிடேர் என்ற தனியார் நிறுவனம் உருவானது. உரிமையாளரின் மனையை எடுத்துக்கொண்டு அந்த நிறுவனத்தின் பங்குப் பத்திரத்தைக் கையில் கொடுத்தார்கள். அப்போதைய பிரதமர் ரஃபிக் ஹரீரியே அந்த நிறுவனத்தின் பின்னணியில் இருந்தவர், பங்குதாரரும்கூட. தையற்கடைக்காரருக்குக் கடை வேண்டும். பங்கை வைத்துக்கொண்டு அவர் எங்கே ஊசி கோப்பார்? குண்டுக்குத் தப்பி நின்ற கட்டடங்களையும் இடித்தார்கள். பழைய சூக், அதாவது அரபுக் கடைத்தெரு, இருந்த இடத்தில் 2009-இல் புதிய 'பெய்ரூட் சூக்ஸ்' திறந்தது. ரஃபாயேல் மொனேயோ வடிவமைத்தது, அழகானதுதான், மறுக்கவில்லை. காய்கறிக்காரரும் தட்டாரும் பேரம் பேசிய சந்தையின் பெயர், விலையுயர்ந்த கடைகளின் வளாகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ராட்டர்டாமும் நிலத்தைப் பறித்ததுதான். 1940 மே 14 அன்று ஜெர்மானியக் குண்டு விழுந்தது, சுமார் 80,000 பேர் வீடிழந்தார்கள். நான்கே நாளில் புதிய திட்டம் வரையும் பொறுப்பு விட்டேவேன் என்ற நகரப் பொறியாளரிடம் போனது. அந்த மாதமே எரிந்த பகுதி கையகப்படுத்தப்பட்டது. ஆனால் இழப்பீட்டை ஒரு பேரேட்டில் உரிமையாளர் பெயரில் வரவு வைத்தார்கள். திரும்பக் கட்டுவதற்குத்தான் அதை எடுக்கலாம். இந்தக் கணக்கு விஷயத்தை ராட்டர்டாமின் புகழ் பாடுகிறவர்கள் சொல்வதே இல்லை.

சிரியா பேரேடு வைக்கவில்லை, கெடு வைத்தது. 2018-இன் பத்தாம் எண் சட்டப்படி, அரசு மறுகட்டுமானத்துக்குக் குறித்த பகுதியில் சொத்து வைத்திருந்தவர் 30 நாளில் உரிமையை நிரூபிக்க வேண்டும். லட்சக்கணக்கானோர் துருக்கியிலும் லெபனானிலும் ஜெர்மனியிலும் அகதிகளாக இருந்தபோது! கூச்சல் எழுந்த பிறகு அதே ஆண்டில் கெடுவை ஓராண்டாக நீட்டினார்கள்.

சரி, எனக்குப் பிடித்தது எது என்றும் கேட்பீர்கள். ஹிரோஷிமா, அதுவும் அரைமனதோடு. அங்கே எல்லா மனைகளையும் சேர்த்து, ஒவ்வொருவரிடமும் ஒரு பங்கைச் சாலைக்கும் பூங்காவுக்கும் பிடித்துக்கொண்டு, மீதியைத் திருத்திய வடிவில் அவரவருக்கே கொடுத்தார்கள். பிடித்தம் எல்லாருக்கும் வலித்தது. தங்க வீடில்லாத ஊரில் நூறு மீட்டர் அகலத்துக்குச் சாலை எதற்கு என்று மக்கள் கொதித்தார்கள். 1955 மேயர் தேர்தலில், சாலையைப் பாதியாக்கி மிச்ச இடத்தில் வீடு கட்டுகிறேன் என்றவர் வென்றார். சாலை குறையவில்லை. ஓரிரு ஆண்டுகளில், சுற்று வட்டாரத்து ஊர்க்காரர்கள் கொடுத்த மரக்கன்றுகளை அதன் இருபுறமும் நட்டார்கள்.