விண்ணப்பக் கடிதத்தில் கேபிடலும் கமாவும்

உங்கள் மகள் வேலைக்காக ஆங்கிலத்தில் எழுதிய விண்ணப்பக் கடிதத்தைப் படித்தேன் அம்மா. இலக்கண வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். வாக்கியங்கள் நன்றாகவே இருக்கின்றன. கண்ணை உறுத்துவது கேபிடல் எழுத்தும் கமாவும்தான். அதற்கு வகுப்பெல்லாம் தேவையில்லை.

முதலில் கேபிடல். தனக்கு முக்கியமாகப் படும் சொல்லையெல்லாம் கேபிடலில் தொடங்கியிருக்கிறார்: மேனேஜர், கம்பெனி, எக்ஸ்பீரியன்ஸ். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேச்சே இல்லாததால், நம் பிள்ளைகள் பலர் அதை மரியாதைக் குறியாக நினைத்துவிடுகிறார்கள். அது பெயருக்கான குறி. குறிப்பிட்ட ஓர் ஆளின், இடத்தின், நிறுவனத்தின் பெயர் என்றால் கேபிடல். பொதுச்சொல் என்றால் ஸ்மால். யூனிவர்சிட்டி என்று பொதுவாகச் சொன்னால் ஸ்மால், அதன் முழுப்பெயரை எழுதினால் கேபிடல். மொழியின் பெயர் என்பதால் இங்கிலீஷுக்கு எப்போதும் கேபிடல் உண்டு. ஃபிசிக்ஸுக்கு வாக்கியத்தின் நடுவில் தேவையில்லை. கிழமைக்கும் மாதத்துக்கும் உண்டு, சம்மருக்கும் விண்டருக்கும் கிடையாது. தன்னைக் குறிக்கும் 'ஐ' எங்கே வந்தாலும் கேபிடல்தான். சாட்டில் சின்னதாக அடித்துப் பழகிய விரல் கடிதத்திலும் அதையே செய்திருக்கிறது.

படிப்பைச் சொல்லும் வரியில் கூடுதல் கவனம் வேண்டும். 'பேச்சலர் ஆஃப் சயின்ஸ்' பட்டத்தின் முறையான பெயர், அதனால் கேபிடல். 'பேச்சலர்ஸ் டிகிரி' என்று பொதுவாக எழுதினால் ஸ்மால் போதும், ஆனால் 'எஸ்'ஸுக்கு முன் அபாஸ்ட்ரஃபி, அதாவது எழுத்தின் மேல்பக்கம் போடும் கமா போன்ற குறி, கட்டாயம். 'இட்ஸ்' என்பதில் நேர்மாறு: 'இட் இஸ்' என்று விரித்துப் படித்துப் பொருள் வந்தால் அபாஸ்ட்ரஃபி போட வேண்டும், 'அதனுடைய' என்ற பொருளில் போடக்கூடாது.

அப்புறம் கமா. மூச்சு விடும் இடத்தில் கமா என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் போல. 'ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி, ஐ ஆம் லுக்கிங் ஃபார் எ ஜாப்' என்று இரண்டு முழு வாக்கியங்களைக் கமாவால் மட்டும் ஒட்டியிருக்கிறார். அங்கே முற்றுப்புள்ளி வைக்கட்டும், அல்லது கமாவுக்குப் பின் 'அண்ட்' சேர்க்கட்டும். கமாவுக்கு முன்னால் இடைவெளி விடக்கூடாது, பின்னால்தான் விட வேண்டும்.

இதையெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று அவர் கேட்டால் இதைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி என்ற பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் ஓவர்டைம் கேட்டு வழக்குப் போட்டார்கள். ஓவர்டைம் கிடையாத வேலைகளை அன்றைய சட்டம் வரிசையாகச் சொன்ன இடத்தில், கடைசி 'ஆர்' என்ற சொல்லுக்கு முன் கமா இருக்கவில்லை. விநியோகத்துக்காகப் பேக் செய்வதை மட்டும் சொல்கிறதா, விநியோகத்தையும் தனி வேலையாகச் சேர்க்கிறதா என்பதே சண்டை. 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டத்தின் வாசகம் தெளிவாக இல்லை என்று ஓட்டுநர்கள் பக்கம் நின்றது. 2018-ல் நிறுவனம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

வரிசையின் கடைசி 'அண்ட்' அல்லது 'ஆர்' என்ற சொல்லுக்கு முன் வரும் அந்தக் கமாவைப் பிரிட்டனில் பலர் போடுவதில்லை, அமெரிக்காவில் பலர் போடுகிறார்கள். எது வேண்டுமானாலும் சரி, ஒரே கடிதத்தில் இரண்டும் கூடாது.

ஆட்டோகரெக்டை நம்பி விட்டுவிட வேண்டாம். வாக்கியத்தின் முதல் எழுத்தை அது பார்த்துக்கொள்ளும். நடுவில் தேவையில்லாமல் நிற்கும் கேபிடலைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கி ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லுங்கள். திருத்தியதும் எனக்கு அனுப்பட்டும், பார்த்துச் சொல்கிறேன்.